பினியன் மூக்கு எங்கே பார்க்க வேண்டும்?

கேள்வி: ஐயா, என்னிடம் பழைய மஹிந்திரா ஃபோர் வீல் டிரைவ் ஜீப் இருக்கிறது. நான்கு பக்கமும் லீஃப் ஸ்பிரிங். காலையில் ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக மேலே போவேன். இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புவேன். தோட்டப் பாதையில் பாறை அடிக்கிறதே என்று வளைவு கூடிய ஸ்பிரிங் போட்டு வண்டியை 3 அங்குலம் தூக்கினேன். அதிலிருந்து 50 கிலோமீட்டர் வேகம் தொட்டால் தரை அதிர்கிறது. ஷாஃப்ட் சாய்ந்துவிட்டது, பினியனை ஷாஃப்ட்டுக்கு நேராகத் திருப்பினால் சரியாகிவிடும் என்று பின் அச்சில் ஸ்பிரிங் சீட்டை வெட்டித் திருப்பி வெல்ட் வைத்துத் தந்தார்கள். அதிர்வு இரட்டிப்பானது. ஷாஃப்ட்டை பேலன்ஸ் பார்த்தாயிற்று, கிராஸும் மாற்றியாயிற்று. இதில் விசித்திரம், மலையடிவாரத்து முந்தல் வரை ஆள் நிறைய இருக்கும்போது அதிர்வு பாதிதான் தெரிகிறது. காலியாக வரும்போதுதான் உயிரை வாங்குகிறது. சுமை கூடினால் தொல்லை கூடத்தானே வேண்டும்? முன் அச்சையும் இதேபோல் திருப்பிவிடலாம் என்கிறார்கள். செய்யலாமா?
வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: உங்கள் கடிதத்தை வாகனப் பொறியியல் தேர்வில் கேள்வியாகவே கொடுக்கலாம். போதாததற்கு விடையையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். ஆள் ஏறினால் அதிர்வு குறைகிறது என்ற அந்த ஒரு வரி, வண்டிக்கு வந்திருக்கும் கோளாறு எது, எது இல்லை என்று பிரித்துக் காட்டிவிடுகிறது.

இல்லாத கோளாறை முதலில் ஒதுக்கிவிடுவோம். ஷாஃப்ட்டின் ஒரு பக்கம் எடை கூடியிருந்தால், அது சுற்றுக்கு ஒரு முறை வண்டியை உதறும். அந்த உதறல் ஷாஃப்ட் சுற்றும் வேகத்தைத்தான் பொறுத்தது. உள்ளே பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிறார்களா, ஆளே இல்லையா என்பது அதற்குத் தெரியாது. உங்கள் அதிர்வுக்கோ தெரிந்திருக்கிறது. ஆகவே பேலன்ஸ் பார்த்த காசு வீண். கிராஸ் மாற்றியதும் அநேகமாக வீண்தான். பழைய கிராஸைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கீழே ஒரு சோதனைக்கு அது வேண்டும்.

அடுத்து, பட்டறையில் சொன்ன யோசனை. காதுக்கு அது நியாயமாகத்தான் கேட்கிறது. வண்டியைத் தூக்கினீர்கள், டிரான்ஸ்ஃபர் கேஸ், அதாவது கியர்பாக்ஸிலிருந்து வரும் சுழற்சியை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி, சட்டத்தோடு மேலே போய்விட்டது. பின் அச்சு தரையோடு கீழேயே நின்றுவிட்டது. நடுவில் உள்ள ஷாஃப்ட் முன்னைவிடச் சாய்ந்தது. பினியன் என்பது ஷாஃப்ட்டின் சுழற்சியை வாங்கி டிஃபரன்ஷியலுக்குள் கொடுக்கும் சிறு பல்சக்கரம். அதன் தண்டு முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் மெக்கானிக்குகளுக்கு அது மூக்கு. அந்த மூக்கை நிமிர்த்தி ஷாஃப்ட்டைப் பார்க்க வைத்தால் அங்கே மடிப்பே இல்லை. மடிப்பு இல்லாத இடத்தில் தொல்லை ஏது?

தொல்லை மறுமுனையில் இருக்கிறது. ஷாஃப்ட்டுக்கு இரண்டு முனைகள், இரண்டு கிராஸ்கள். ஒன்றை நிமிர்த்தினார்கள், டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கத்துக் கிராஸ் மடிந்தபடியே இருக்கிறது. ஒரே அளவு மடிந்த இரண்டு கிராஸ்களை வண்டி பொறுத்துக்கொள்ளும். ஒன்று மடிந்து ஒன்று நேராக நிற்பதைப் பொறுத்துக்கொள்ளாது. ஏன் என்று பார்க்க அந்தப் பழைய கிராஸை எடுங்கள்.

கூட்டல் குறி வடிவத்தில் நான்கு கைகள் உள்ள இரும்புத் துண்டுதான் கிராஸ். ஒவ்வொரு கையிலும் ஊசி பேரிங் உள்ள ஒரு மூடி. எதிரெதிர்க் கைகள் இரண்டை ஒரு யோக்கும் மற்ற இரண்டை இன்னொரு யோக்கும் பிடித்திருக்கும். யோக் என்பது இரண்டு காதுகள் நீட்டிய கவட்டை. பழைய யோக் இரண்டைக் கேட்டு வாங்கி இதைப் பொருத்தி, இரண்டு பக்கத் தண்டுக்கும் நடுவே 30 டிகிரி மடிப்பு இருக்கும்படி தாங்கிப் பிடியுங்கள். இரண்டு தண்டிலும் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு ஒரு பக்கத்தை 45 டிகிரி திருப்புங்கள். மறுபக்கமும் 45 திரும்பியிருக்க வேண்டும் என்றுதான் நினைப்போம். திரும்பியிருப்பது 49 டிகிரி. காதுகள் தொடக்கத்தில் நின்ற நிலை வேறாக இருந்தால் 41. இன்னும் திருப்பி 90க்குக் கொண்டுவந்தால் இரண்டும் மறுபடி ஒத்துப்போகும். அதாவது மடிந்த கிராஸ் வழியாகப் போகும் சுழற்சி சுற்றுக்கு இரண்டு முறை முந்துகிறது, இரண்டு முறை பிந்துகிறது. தேய்மானத்தால் வருவதல்ல இது. புத்தம் புதிய கிராஸும் இதையேதான் செய்யும், ஏனென்றால் இது அதன் வடிவ கணிதம்.

இந்த ஏற்ற இறக்கத்தை 17ஆம் நூற்றாண்டிலேயே கணக்குப் பார்த்து வைத்தவர் ராபர்ட் ஹூக், ஸ்பிரிங் விதியால் நாம் அறிந்த அதே ஹூக். சூரியக் கடிகாரத்தில் நிழல் மணிக்கு மணி சமமாக நகர்வதில்லை அல்லவா? அந்தச் சமமின்மையும் மடிந்த கிராஸின் சமமின்மையும் ஒரே சூத்திரம் என்று கண்டு, மணிக்கோடு பிரிப்பதற்கு இந்த இணைப்பையே கருவியாக்கலாம் என்றார். உங்கள் ஜீப்பை உலுக்கும் அதே குணம்தான் அவருக்குக் கடிகாரம் வரைய உதவியது.

மடிப்பு சிறிதாக இருந்தால் இந்தத் தொல்லை மிகச் சிறிது. 5 டிகிரி மடிப்பில் 1000 சுற்று வேகம் 996க்கும் 1004க்கும் இடையே ஊசலாடும். 12 டிகிரியில் 978க்கும் 1022க்கும் இடையே. மடிப்பு இரட்டித்தால் ஊசலாட்டம் ஏறக்குறைய நான்கு மடங்காகும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். பட்டறைகளில் பலரும் தவறவிடுவது இதைத்தான்.

அப்படியானால் எல்லா ஜீப்பும் அதிர வேண்டுமே? அதற்குத்தான் இரண்டாவது கிராஸ். முதல் கிராஸ் போட்ட முடிச்சை அது அவிழ்க்கிறது. முதலாவது முந்தும் நேரத்தில் இரண்டாவது பிந்தும். பினியனுக்குள் போகும்போது சுழற்சி மறுபடி சீராகிவிடும். இதற்கு நிபந்தனைகள் உண்டு. ஷாஃப்ட்டின் இரு முனையிலும் உள்ள யோக்குகளின் காதுகள் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். இதை 'ஃபேஸ்' சரியாக இருப்பது என்பார்கள். இரண்டு கிராஸிலும் மடிப்பு சம அளவில் இருக்க வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸ் தண்டும் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால் அந்தச் சமம் தானாகவே கிடைத்துவிடும்; கம்பெனியிலிருந்து உங்கள் வண்டி வந்ததும் அப்படித்தான்.

இனி உங்கள் வண்டியின் கணக்கு. நீங்கள் அளவு எதுவும் எழுதவில்லை, ஆகவே குட்டை ஜீப் ஒன்றுக்குப் பொருந்தும்படி நானே எடுத்துக்கொள்கிறேன். பின் ஷாஃப்ட் 60 சென்டிமீட்டர். தூக்குவதற்கு முன் அது 8 டிகிரி சாய்ந்திருந்தது. டிரான்ஸ்ஃபர் கேஸின் தண்டு பின்பக்கம் 3 டிகிரி இறங்கி, பினியன் மூக்கு 3 டிகிரி ஏறி, இரண்டும் இணையாக இருந்தன. இரண்டு கிராஸிலும் மடிப்பு 8 கழித்தல் 3, ஆக 5 டிகிரி. 7.5 சென்டிமீட்டர் தூக்கினதும் ஷாஃப்ட் சாய்வு 7 டிகிரி கூடி 15 ஆனது. (நீளமான ஷாஃப்ட் உள்ள பிக்கப்பில் இதே 3 அங்குலம் இதில் பாதியைத்தான் கூட்டும். குட்டை வண்டியின் சாபம் இது.) மடிப்பு இரண்டு கிராஸிலும் 12. அதிகம்தான், ஆனால் சமம். முதல் அதிர்வு இது.

பிறகு வெல்ட் வைத்தார்கள். மூக்கு 15 டிகிரிக்கு நிமிர்ந்து ஷாஃப்ட்டோடு ஒரே கோட்டில் நின்றது. முன் கிராஸ் 12, பின் கிராஸ் 0. முடிச்சுப் போட ஒருவர் இருக்கிறார், அவிழ்க்க ஆள் இல்லை. ஷாஃப்ட்டின் ஊசலாட்டம் முழுவதும் அப்படியே டிஃபரன்ஷியல் பல்லிலும் சக்கரத்திலும் போய் விழுகிறது. இரண்டாவது அதிர்வு இது, இரட்டிப்பானது.

ஆள் ஏறும் கதைக்கு வருவோம். பத்துப் பேர் ஏறினதும் ஸ்பிரிங் 5 சென்டிமீட்டர் அமுங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷாஃப்ட் சாய்வு 15லிருந்து 10க்கு இறங்கும். முன் கிராஸில் மடிப்பு 7. பின்னால், 15 டிகிரி நிமிர்ந்து நிற்கும் மூக்குக்கும் 10 டிகிரி ஷாஃப்ட்டுக்கும் இடையே இப்போது 5 டிகிரி மடிப்பு பிறக்கிறது. மடிப்பு எந்தத் திசையில் இருந்தாலும், ஒரே தளத்தில் இருந்தால் ஒன்றை ஒன்று ஈடுகட்டும். ஈடுகட்டியது போக மிஞ்சுவதை அறிய இரண்டு கோணத்தின் வர்க்கங்களையும் கழித்துப் பார்க்க வேண்டும். காலி வண்டியில் 144 கழித்தல் 0, மிச்சம் 144. ஆள் ஏறிய வண்டியில் 49 கழித்தல் 25, மிச்சம் 24. ஆறில் ஒரு பங்கு! பட்டறையில் அழித்த சமத்தை உங்கள் பயணிகள் உட்கார்ந்தே ஓரளவு மீட்டுத் தருகிறார்கள்.

ஆறில் ஒரு பங்கு என்றால் அதிர்வே தெரியக்கூடாதே, பாதி மிச்சம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். நியாயம்தான். இரண்டு முனையிலும் ஈடு கிடைத்தாலும், நடுவில் இருக்கும் ஷாஃப்ட் மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் முந்திப் பிந்திக்கொண்டேதான் இருக்கிறது. கனமான ஒரு குழாயை நொடிக்குப் பல முறை முடுக்கி, அடக்கி, முடுக்கி என்று ஓட்டினால் அதுவே அதிரும். இந்தப் பங்கைச் சமத்தால் போக்க முடியாது. மடிப்பின் அளவைக் குறைத்தால்தான் போகும்.

அதனால்தான் வெல்டைப் பிரித்துப் பழையபடி வைத்துவிடுங்கள் என்று சொல்லி நான் நழுவிவிட முடியவில்லை. வேகத்துக்குத் தக்கபடி மடிப்புக்கு ஒரு வரம்பு உண்டு. கிராஸ் தயாரிக்கும் ஸ்பைசர் வெளியிட்ட அட்டவணையை உலகம் முழுக்க பட்டறைகளில் பின்பற்றுகிறார்கள். ஷாஃப்ட் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றினால் 11.5 டிகிரி, 2000 சுற்றுக்கு 8.7, 3000 சுற்றுக்கு 5.8. டிஃபரன்ஷியல் விகிதம் ஐந்துக்கு ஒன்று, டயர் 30 அங்குலம் என்று கொண்டால் 50 கிலோமீட்டரில் ஷாஃப்ட் சுமார் 1740 சுற்று சுற்றும். அதற்கு வரம்பு 10 டிகிரி. நீங்கள் 12ல் இருக்கிறீர்கள். வரம்புக்கு ஒரு கீழ் எல்லையும் உண்டு. மடிப்பே இல்லாத கிராஸில் ஊசி ரோலர்கள் உருளாமல் ஒரே இடத்தில் நின்று குழி பறித்துவிடும். அரை டிகிரியாவது மடிப்பு வேண்டும். இப்போது நேராக நிற்கும் உங்கள் பின் கிராஸுக்கு அந்த ஆபத்தும் காத்திருக்கிறது.

என் கருத்தைக் கேட்டால், உங்கள் தொழிலுக்கு 3 அங்குலம் அதிகம். மூக்கைப் பழைய கோணத்துக்கே திருப்பி, வண்டியை ஒன்றரை அங்குலத்துக்கு இறக்கிவிடுங்கள். ஷாஃப்ட் சாய்வு பதினொன்றரை ஆகும், மடிப்பு எட்டரைச் சொச்சம், 2000 சுற்று வரை தாங்கும். பாறை தட்டாமலிருக்க மிச்ச உயரத்தை டயரில் தேடலாம். அச்சையே தரையிலிருந்து உயர்த்துவது டயர் மட்டும்தான், ஸ்பிரிங் அல்ல. டிஃபரன்ஷியல் உருண்டை பாறையில் அடிப்பதற்கு எத்தனை அங்குலம் ஸ்பிரிங் போட்டாலும் மருந்தில்லை.

3 அங்குலம் வேண்டும்தான் என்றால் கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை ஓர் அங்குலம் இறக்கலாம். ஷாஃப்ட் சாய்வு சுமார் 2 டிகிரி குறையும். டிரான்ஸ்ஃபர் கேஸ் தண்டும் இன்னும் கொஞ்சம் கீழ்நோக்குவதால் முன் கிராஸில் மடிப்பு அதைவிடக் கூடுதலாகக் குறையும். பினியனையும் அதற்கு இணையாக, வெல்டுக்கு முந்தைய நிலையிலிருந்து ஓரிரு டிகிரி நிமிர்த்தி வைக்க வேண்டும். ஆனால் வயிற்றுப் பகுதி ஓர் அங்குலம் தாழும், ஆக உங்களுக்குப் பாறையே பகை என்றால் இது கொடுத்துப் பிடுங்கும் வேலை.

மூன்றாவது வழி டபுள் கார்டன் ஷாஃப்ட். டிரான்ஸ்ஃபர் கேஸ் முனையில் இரண்டு கிராஸ்களை அடுத்தடுத்து வைத்து, மடிப்பை இரண்டும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்ளும் அமைப்பு இது. ஈடுகட்டும் வேலை அந்த முனையிலேயே முடிந்துவிடுவதால் பின் கிராஸ் நேராக நிற்கலாம். கவனித்தீர்களா? மூக்கை ஷாஃப்ட்டைப் பார்க்க வை என்ற யோசனை இந்த ஷாஃப்ட்டுக்குத்தான் பொருந்தும். பட்டறையில் சொன்னது பொய்யல்ல, வேறு வண்டிக்கான உண்மை. வெளிநாட்டில் தூக்கிய ஜீப்புகளின் படங்களில் பினியன் மேலே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, ஷாஃப்ட் எந்த வகை என்று பார்க்காமல் அதை இங்கே நகல் எடுக்கிறார்கள். வெல்டைத் தொட உங்களுக்கு மனமில்லை என்றால் இந்த ஷாஃப்ட் போடலாம். செலவு உண்டு. குட்டை ஷாஃப்ட்டில் இடம் போதுமா என்றும் முன்கூட்டியே அளந்துகொள்ளுங்கள். மூக்கு மேலே பார்த்தால் முன் பினியன் பேரிங்குக்கு எண்ணெய் சரியாகப் போகாது, அதனால் அச்சுக் கூடான ஹௌசிங்கில் எண்ணெய் மட்டத்தையும் கூட்ட வேண்டியிருக்கும்.

எந்த வழியானாலும் அளக்காமல் வெல்டைத் தொடாதீர்கள். டிஜிட்டல் கோணமானி ஒன்று போதும். கைபேசியின் மட்டம் பார்க்கும் செயலிகூடச் சமாளிக்கும். வண்டி சமதளத்தில் தன் நான்கு டயரிலும் நிற்க வேண்டும். சட்டத்துக்கு ஜாக்கி கொடுத்து அச்சு தொங்கும் நிலையில் அளந்தால் வண்டி ஒருபோதும் ஓடாத ஒரு கோணத்தை அளந்தவர் ஆவீர்கள். யோக்கில் கிராஸின் மூடி கீழே பார்க்கும்படி திருப்பி, அதன் தட்டையான முகத்தில் சேறும் கிரீஸும் துடைத்துவிட்டுக் கருவியை ஒட்டி வையுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் யோக், ஷாஃப்ட் குழாய், பினியன் யோக் என்று மூன்று எண் கிடைக்கும். அடுத்தடுத்த இரண்டின் வித்தியாசம்தான் மடிப்பு. இரண்டு மடிப்புக்கும் இடையே 1 டிகிரிக்கு மேல் வேறுபாடு கூடாது. உங்கள் வண்டி ஒரே நாளில் நிறைந்தும் காலியாகவும் ஓடுவதால் இரண்டு நிலையிலும் அளக்க வேண்டும். வேகமாக ஓடுவது காலி வண்டிதான் என்பதால் அந்த அளவுக்கு முதலிடம் கொடுங்கள்.

லீஃப் ஸ்பிரிங் வண்டிக்கு ஒரு சலுகை வேண்டும். ஆக்சிலரேட்டர் மிதித்ததும் சக்கரம் முன்னால் உருள, அதன் எதிர்விசையில் ஹௌசிங் பின்னால் திருகி மூக்கு மேலே கிளம்பும். வளைவு கூடிய ஸ்பிரிங்கில் இது இன்னும் தெரியும். ஆகவே நிற்கும்போது மூக்கு கணக்கைவிட ஒரு டிகிரி தாழ்ந்தே இருக்கட்டும். ஓரிரு டிகிரி திருத்தத்துக்கு ஸ்பிரிங்குக்கும் சீட்டுக்கும் இடையே இரும்பு ஆப்பு போதும். அலுமினிய ஆப்பு நசுங்கிப் போகும், வேண்டாம். மூக்கை ஏற்ற, ஸ்பிரிங் அச்சுக்குக் கீழே இருந்தால் ஆப்பின் தடித்த பக்கம் முன்னால் வரும், அச்சுக்கு மேலே இருந்தால் பின்னால் வரும். தாழ்த்த இதற்கு நேர்மாறு. இதை மாற்றி வைத்துவிட்டு நாள் முழுதும் தலையைச் சொறிந்தவர்கள் உண்டு. யூ போல்ட்டுகளைப் புதிதாகப் போட்டு, சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முறுக்குங்கள்.

ஷாஃப்ட்டைக் கழற்றி மாட்டும்போது இரண்டு விஷயம். பேலன்ஸ் பார்க்கப் போய் வந்ததில் ஸ்லிப் ஜாயின்ட், அதாவது ஷாஃப்ட் நீண்டு சுருங்க வழிவிடும் பல் இணைப்பு, ஒரு பல் தள்ளி மாட்டப்பட்டிருக்கலாம். அப்படியானால் ஃபேஸ் போயிற்று, மேலே சொன்ன கணக்கெல்லாம் வீண். குழாயிலும் யோக்கிலும் அம்புக்குறி இருக்கிறதா என்று கிரீஸைச் சுரண்டிப் பாருங்கள். இல்லையென்றால் இரு முனைக் காதுகளையும் கண்ணாலேயே வரிசை பார்க்கலாம். மற்றது, 3 அங்குலம் தூக்கியதில் ஷாஃப்ட் ஒன்றரை சென்டிமீட்டர் வெளியே இழுபட்டிருக்கும். பள்ளத்தில் அச்சு தொங்கும்போது இன்னும் இழுபடும். சட்டத்தை ஜாக்கியில் தூக்கி, அச்சைத் தொங்கவிட்டு, பல் இணைப்பில் எவ்வளவு பிடிமானம் மிச்சம் என்று பாருங்கள். (அளப்பதற்குத்தான் ஜாக்கி கூடாது, இதற்கு ஜாக்கிதான் வேண்டும்.) அதே நிலையில் ஷாஃப்ட்டைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி, யோக் காதுகள் ஒன்றோடொன்று இடிக்கிறதா என்றும் பாருங்கள்.

கடைசியாக முன் அச்சு. தயவுசெய்து வேண்டாம். முன் அச்சில் பினியனும், ஸ்டியரிங் திருப்பும்போது சக்கரம் எதைச் சுற்றித் திரும்புகிறதோ அந்தக் கிங்பின்னும் ஒரே ஹௌசிங்கில் இருக்கின்றன. கிங்பின் மேல்பக்கம் சற்றுப் பின்னால் சாய்ந்திருப்பதற்கு காஸ்டர் என்று பெயர். ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டுக் கையை எடுத்தால் சக்கரம் தானாக நேராவது அதனால்தான். மூக்கை மேலே தூக்கினால் அந்தச் சாய்வு குறையும், நேர் சாலையிலேயே வண்டி அலைபாயும். மலைப் பாதையில், பத்து உயிரை ஏற்றிக்கொண்டு அது தேவையா? முன் ஷாஃப்ட் கொஞ்சம் மடிந்திருந்தால் இருக்கட்டும். ஃபோர் வீல் போட்டு ஊரும் வேகத்தில் அந்த மடிப்பு அதிர்வாகத் தெரியாது. உங்கள் சக்கரங்களில் ஃப்ரீ வீல் ஹப் இருந்தால் தார்ச்சாலைக்கு வந்ததும் அதை விடுவித்துவிடுங்கள். முன் ஷாஃப்ட் சுற்றவே சுற்றாது.